பத்து 'பி'யில் மூன்று பீரியட்

சிங்காநல்லூரில் உள்ள அந்தப் பள்ளியில் நஃபீசா அறிவியல் ஆசிரியை. வகுப்பில் திரையிட்டுப் பாடம் நடத்த இணையவழி மென்பொருள் ஒன்று வாங்குவதாகப் பள்ளியில் பேச்சு எழுந்ததும், மூன்று கம்பெனிக்காரர்கள் ஆசிரியர் அறைக்கு வந்து செய்துகாட்டிப் போனார்கள். இரண்டாமவர் காட்டிய இதயம் சுழன்று சுழன்று துடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதையே வாங்கிப்போடலாங்க" என்றார் தலைமையாசிரியர் ஈஸ்வரமூர்த்தி.

நஃபீசா எழுந்தாள். "சார், மூணையும் பத்து பி-யில ஒவ்வொரு பீரியட் நடத்திப் பாத்துட்டு முடிவு பண்ணலாங்களா?"

"இங்க பாத்தது பத்தாதுங்களா, டீச்சர்?"

"புவனா பாக்கலீங்களே, சார்."

பத்து பி-யில் படிக்கும் புவனாவுக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் பலகையில் இருப்பது தெரியாது. பக்கத்தில் இருக்கும் பூஜிதா முணுமுணுப்பதைக் கேட்டுத்தான் எழுதுவாள். இரண்டு வருடமாக அவள் வகுப்பில் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் சற்று யோசித்தார். "சரிங்க. நானும் வந்து உக்கார்றேன்."

நஃபீசா இதயத்தைப் பற்றிய ஒரே பாடத்தை மூன்றிலும் தயாரித்தாள். பள்ளியில் இருந்த பத்து டேப்லெட்களில் ஒன்றை, திரையில் வருவது அதிலும் தெரியும்படி, புவனாவிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை, முதல் மென்பொருளில் தமிழ் எழுத்துகள் உடைந்தன. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கிடந்ததைப் படிக்க முடியாமல் வகுப்பே சிரித்தது.

செவ்வாய்க்கிழமை, சுழலும் இதயம். வகுப்பறை இணைய வேகத்துக்கு அது வந்து சேரவே பத்து நிமிடம் ஆனது. வந்த பிறகு பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். புவனாவின் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கவே முடியவில்லை. அவள் அதை ஓசைப்படாமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூஜிதா பக்கம் சாய்ந்துகொண்டாள்.

புதன்கிழமை வந்தது மூன்றாவது. வெள்ளைத் திரை, ஒரு படம், ஐந்து வரி. ஆட்டமில்லை, பாட்டமில்லை. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் கொட்டாவியை அடக்குவது நஃபீசாவுக்குத் தெரிந்தது.

ஆனால் புவனா தன் டேப்லெட்டை அழுத்த, பின்னணி கறுப்பானது. எழுத்துகள் வெள்ளையாகி, வரிக்கு மூன்று சொல் அளவுக்குப் பெருத்தன. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். உதடுகள் அசைந்தன. பூஜிதா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வேண்டாம் என்று கையமர்த்தினாள்.

நான்காவது வரி வந்ததும் கை தூக்கினாள்.

"என்ன கண்ணு?"

"மிஸ், நுரையீரல்ல இருந்து இதயத்துக்கு ரத்தத்தை நுரையீரல் தமனி கொண்டுவருதுன்னு போட்டிருக்குதுங்க. சிரைன்னுதானுங்க வரோணும்?"

நஃபீசா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவளே தட்டச்சு செய்தது. மூன்று நாளாக, மூன்று மென்பொருளிலும், நாற்பது பிள்ளைகளும் ஒரு தலைமையாசிரியரும் கவனிக்காத பிழை.

"சிரைதான், அம்மணி. தப்பு என்னுதுங்க" என்று சொல்லி அங்கேயே திருத்தினாள். புவனாவின் டேப்லெட்டிலும் அதே நொடியில் அந்தச் சொல் மாறியது. முதலில் கைதட்டியது பூஜிதா. பிறகு வகுப்பே தட்டியது.

மணி அடித்ததும் ஈஸ்வரமூர்த்தி புவனாவின் பெஞ்சுக்கு வந்து நின்றார். "உனக்கு எது வேணும், கண்ணு?"

"இதுங்க, சார்."

"அப்ப இதுதானுங்க, டீச்சர்" என்றார் அவர். அன்று மாலையே அதை வாங்கக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் சிறுநீரகப் பாடத்தைப் புவனா தானே தயாரித்து நடத்தினாள். டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி, வகுப்பின் முன்னால் நிமிர்ந்து நின்று, இருபது நிமிடம் தடங்கலில்லாமல் பேசினாள். முடித்ததும் கேட்டாள்:

"யாருக்காச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?"

ஏழு கைகள் உயர்ந்தன. நஃபீசா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.