வூஹானுக்குப் போய்விட்ட தம்பி

சின்லான் கண்ணயர்ந்தது தப்புத்தான். ஆஸ்பத்திரி, சுடுகாடு என்று அலைந்த உடம்பு. மெத்தென்ற இருக்கையில் சாய்ந்தால் சும்மா விடுமா? விழித்தபோது வண்டி நின்றிருந்தது. கறுப்புத் துணி சுற்றிய பெட்டியையும் கறுப்புக் குடையையும் வாரிக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்தாள். வண்டி கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் உறைத்தது. தம்பியைக் கூப்பிடவில்லை.

வெளியூரில் செத்தவனின் சாம்பலைத் தூக்கி வந்தால் மட்டும் போதாது. வெயில் படாமல் குடை பிடித்து, வாசலுக்கு வாசல், பாலத்துக்குப் பாலம் கூப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் ஆள் அங்கேயே நின்றுவிடுவான். குவாங்சோவில் தம்பி குவோலியாங் விழுந்து செத்த கட்டடச் சாரத்தடியிலிருந்து அப்படித்தான் அழைத்து வந்தாள். ரயிலில்கூட பக்கத்து இருக்கையைக் காட்டி, "ஜன்னலோரமா உக்காருடா" என்றாள். இப்போது பெட்டி இவள் கையில், அவன் வண்டியில். அப்பாவுக்குப் பக்கத்தில் வெட்டி வைத்திருக்கும் குழியில் வெறும் சாம்பலையா புதைப்பது?

உதவி மேசையில் லுவோ டிங் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பி இறங்கலம்மா. அதே வண்டியில போயிட்டான்."

"ஃபோன் பண்ணுங்கக்கா. சின்னப் புள்ளையா என்ன?"

"எடுக்க மாட்டான்."

"சண்டையா?"

சின்லான் பெட்டியை அணைத்துக்கொண்டாள். லுவோ டிங் கறுப்புத் துணியைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். கிண்டல் அடங்கிவிட்டது.

"அந்த வண்டி வூஹான் போயிட்டுச் சாயங்காலம் இங்கதான் திரும்பி வரும். வந்ததும் மைக்ல கூப்பிடறேன். ஆனா பேரு சொல்ல மாட்டேன்க்கா. இத்தனை ஜனத்துல அதே பேருள்ளவங்க யாராச்சும் இருந்தா, செத்தவங்களக் கூப்பிடற குரல் அவங்களுக்கு ஆகாது. 'அக்கா காத்திருக்காங்க, தம்பி வெளிய வாங்க'ன்னு சொல்றேன். போதுமா?"

"போதும். புரிஞ்சுக்குவான்."

சாயங்கால வண்டி வந்தது. கூடத்தின் கூரை வரை லுவோ டிங்கின் குரல் போய்த் திரும்பியது. தானியங்கிக் கதவுகளில் அடையாள அட்டையை வைத்து வைத்து ஜனங்கள் வெளியேறினார்கள். கடைசிப் பயணியின் பெட்டிச் சக்கரச் சத்தமும் ஓய்ந்தது.

அப்புறம் ஒரு கதவு தானாகத் திறந்தது. யாரும் இல்லை. ஒரு ஆள் நடந்து வரும் நேரம் திறந்திருந்து மூடிக்கொண்டது. ஈரச் சிமெண்டு வாசனை வந்தது.

"வந்துட்டியாடா," என்று சின்லான் அழுதாள்.

பக்கத்துக் கதவும் திறந்தது. அதற்கடுத்ததும். வரிசை முழுக்கத் திறந்து மூடி, திறந்து மூடி, நிற்கவே இல்லை. நிலக்கரி வாசனை, பெயிண்ட் வாசனை, யாரோ குடித்த மலிவான சிகரெட் வாசனை. கூப்பிட ஆளில்லாமல் வெளியூரில் செத்தவர்கள் எத்தனை பேர் இந்தத் தடத்தில் போய்வந்துகொண்டிருந்தார்களோ. எல்லார் காதிலும் விழுந்திருக்கிறது, அக்கா காத்திருக்கிறாள் என்று.

லுவோ டிங் வெளுத்துப்போய் ஓடி வந்தாள். "உங்க தம்பி பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. அவர மட்டும் கூட்டிட்டுப் போயிடுங்க."

பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அவன் மட்டும் வருவான். மற்றவர்கள் இங்கேயே நிற்பார்கள். கதவுகள் இன்னும் திறந்துகொண்டிருந்தன.

சின்லான் பெட்டியை இறுக்கிக்கொண்டு ஊருக்குப் போகும் வண்டி நிற்கும் பக்கம் திரும்பினாள். பின்னால் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

"படி இருக்கு, பாத்து," என்றாள். "எல்லாருமே வாங்கடா."