எட்டாவது கதவு

தண்ணீர் மீட்டரை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவள் நம்பினாள். நகராட்சியில் புள்ளிவிவர எழுத்தர் அவள். காலிக் கட்டடங்களைச் சீரமைத்துக் குடும்பங்களைக் குடிவைக்கும் நிதிக்கு நகராட்சி இரண்டு முறை விண்ணப்பித்திருந்தது. இரண்டு முறையும் 'ஆதாரம் போதாது' என்ற ஒற்றை வரியோடு கோப்பு திரும்பி வந்தது. மூன்றாவது விண்ணப்பத்துக்கு அவள் மீட்டர் கணக்கை எடுத்தாள். இரண்டு மாதத்தில் மூன்று யூனிட்டுக்குக் குறைவாகத் தண்ணீர் ஓடியிருந்தால் அந்த வீடு காலி.

தேர்ந்தெடுத்த தெரு அவள் வாடகைக்குக் குடியிருக்கும் தெருதான். மாலையில் வீடு திரும்பினால் அவள் வரிசையில் அவள் போடும் விளக்கு மட்டுமே எரியும். "அந்தப் பேய்த் தெருவுல என்னக்கா வச்சிருக்க, கிளம்பி வா" என்று தங்கை போனில் சொல்லும்போதெல்லாம், "ஆள் வந்துருவாங்கடி" என்பாள். நிதி கிடைத்தால் ஒன்றரை வருடத்தில் பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்கும். அவளுக்கு அது போதும்.

நிதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே வரிசையில், இடையில் ஆள் இல்லாமல், பன்னிரண்டு கட்டடங்களாவது காலியாக இருக்க வேண்டும். கணினி பதினான்கு என்றது.

மீட்டர் பார்ப்பவர் பட்டியலை எட்டிப் பார்த்தார். "மேடம், எட்டாவது உங்க வீடாச்சே."

"ஆமாண்ணே."

"அதையும் காலின்னு போட்டிருக்கு. வீட்டுல குளிக்கவே மாட்டீங்களா?"

"ரெண்டு யூனிட் ஓடியிருக்கே. ஒரு ஆளுக்கு வேற எவ்வளவு ஓடும்?"

"எங்க மாமியார் கால் கழுவவே ரெண்டு யூனிட் பத்தாது."

அவளும் சிரித்தாள். சாப்பாடு அலுவலகக் கேன்டீனில், துணி சலவைக் கடையில். கணக்கில் பிழை இல்லை.

அவர் போன பிறகு எட்டாம் எண்ணை அழித்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஆறு. வரிசை இரண்டாக உடைந்தது. எண்ணைத் திரும்பப் போட்டாள். நிதி வந்ததும் ஒரு திருத்தக் கடிதம் எழுதினால் ஆயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நேரில் சரிபார்க்கத் தலைநகரிலிருந்து அதிகாரி வருவார் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் விடுமுறை நாளில் வருவார் என்பது தெரியாது. சனிக்கிழமை பதினொரு மணி. அவள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தபோது யாரோ மூன்று முறை கதவைத் தட்டினார்கள்.

அவள் கதவை வெளியாள் தட்டிப் பல மாதம் ஆகியிருந்தது. யார் என்றுகூட யோசிக்காமல், முகத்தில் சிரிப்போடு எழுந்தேவிட்டாள். கதவுக்கு இரண்டடி முன்னால்தான் வெளியே பேச்சு காதில் விழுந்தது.

"இது எத்தனாவது?"

"எட்டு சார்." மீட்டர் பார்ப்பவரின் குரல்.

"வாசல் பெருக்கின மாதிரி இருக்கே."

அவள் அசையாமல் நின்றாள். தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து, "உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொன்னால் இந்த வரிசை இப்படியே கிடக்கும்.

"காத்து அடிச்சிருக்கும் சார்" என்றார் மீட்டர் பார்ப்பவர். "இங்க யாரும் இல்ல."

அவர் தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் அதை அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அதிகாரி எதையோ எழுதினார். பேனா மூடும் சத்தம்கூடக் கேட்டது. வேலை முடிந்தும் இருவரும் உடனே நகரவில்லை. நிழலுக்காக அவள் படியிலேயே நின்று, பேருந்து நேரம் பற்றியும் அதிகாரியின் மகள் புதிதாகச் சேர்ந்த பள்ளியைப் பற்றியும் பேசினார்கள். அவள் கதவில் கன்னத்தைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டாள்.

பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்தது. ஒன்பதாவது வீட்டுக் கதவையும் மூன்று முறை தட்டினார்கள். அங்கேயும் அதே அளவு நேரம் காத்திருந்தார்கள்.