பிடிமண்

கண்மாய்க்கரைத் தூணின் கல்லை உடைத்தது யார் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, உடைத்தவள் அடுப்படியில் நின்று உலையில் அரிசி போட மறந்திருந்தாள்.

பொன்மணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடைக்கவா போனாள் அவள்? மத்தியானம், ஆடுகூட நிழல் தேடி ஒதுங்குகிற வெயிலில், களைக்கொத்தியை மடியில் மறைத்துக்கொண்டு போனாள். தூணின் காலடியில் ஒரு கைப்பிடி மண் வேண்டும், அவ்வளவுதான். சாமி தூரத்தில் இருந்தால் அங்கிருந்து பிடிமண் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் கும்பிடுவது இந்தச் சீமையில் எல்லாக் குடும்பமும் செய்கிற காரியம். ஆனால் தூணைச் சுற்றி சிமென்ட் பூசியிருந்தார்கள். தூணில் பதித்திருந்த, பேர் வெட்டிய கல்லுக்கு அடியில்தான் கொஞ்சம் மண் தெரிந்தது. கொத்தியை விட்டு நெம்பினாள். மண் வந்தது. கூடவே கல்லும் பெயர்ந்து விழுந்து இரண்டாகப் போனது. கண்ணபிரான் என்ற பேர் நடுவில் பிளந்து கிடந்தது. மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடிவந்துவிட்டாள்.

கண்ணபிரான் கீழத்தெருவில் ஆடு மேய்த்தவன். மூன்று வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது மேலத்தெருப் பொன்மணியின் மகள் பிரித்திகா மடைக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். ஆடுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் குதித்தான். பிள்ளையைக் கரைக்குத் தள்ளிவிட்டான். அவனை மடை இழுத்துக்கொண்டது. பஞ்சாயத்தில் தூண் கட்டினார்கள். வருஷா வருஷம் மேலத்தெருப் பெரிய மனுஷர்கள் மாலை போட்டு மைக்கில் உருகுவார்கள். மாலை போடுவதில் அவர்களுக்கு ஆட்சேபணை கிடையாது. கும்பிடத்தான் கூடாது.

தினமும் ஒரு விளக்கு வைக்கட்டுமா என்று பொன்மணி ஒருதடவை கேட்டதற்கு, "ஆட்டுக்காரப் பயல வீட்டுச் சாமியாக்கப் போறியாக்கும்?" என்று சிரித்தான் புருஷன் வன்னியபெருமாள். என்ன பெருந்தன்மை! பெற்ற பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட மனசு வரவில்லை. அதனால்தான் அவள் திருடியைப்போல் போய் மண்ணெடுத்து, தங்கள் காட்டு வேம்படியில் மூன்று கல் ஊன்றி அவனை வைத்தாள்.

வன்னியபெருமாள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"சோலைராசக் கீழத்தெருக்காரனுவ தூணோட சேத்துக் கட்டி வச்சிருக்கானுவளாம்."

சோலைராஜ் அவன் தம்பி. போன வாரம் ஆடு தங்கள் மக்காச்சோளத்தில் விழுந்து மேய்ந்துவிட்டது என்று, கண்ணபிரானின் தம்பி ஜெயகிருஷ்ணனோடு மல்லுக்கு நின்றவன். கோபத்தில், "உங்க தூண ஒருநா பேத்து எறியுதேன் பாரு" என்று வாயை விட்டிருந்தான். இப்போது யாரைப் பிடிப்பார்கள்?

வன்னியபெருமாள் கதவிடுக்கில் கையை விட்டு அரிவாளை எடுத்தான். வெளியே மேலத்தெரு ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது.

"நாந்தான் உடைச்சேன்" என்றாள் பொன்மணி.

"என்னட்டி சொல்லுத?"

"பிடிமண் எடுக்கப் போனேன். கல்லு பேந்துட்டு. கொழுந்தன் மேல ஒரு தப்பும் இல்ல. வாங்க, ரெண்டு பேருமாப் போயிச் சொல்லிருவோம்."

அவன் அரிவாளைத் தாழ்த்தினான். அரிவாள் திரும்பக் கதவிடுக்குக்குப் போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

"இது வெளிய தெரிஞ்சா இந்த வீட்டுல உனக்கு இடமில்ல" என்றான் தணிந்த குரலில். "என் பொண்டாட்டி ஆட்டுக்காரனக் கும்பிடுதான்னு ஊருக்குள்ள பேசணுமா? வெட்டுப்பட்டுச் சாவேன். அசிங்கப்பட மாட்டேன்."

போய்விட்டான். பொன்மணிக்கு அவனை நினைத்து முதன்முறையாக அருவருப்பு வந்தது. பிரித்திகாவைப் பக்கத்து வீட்டில் விட்டாள். ஆண்கள் கூட்டமாக ரோட்டு வழியாகச் சுற்றித்தான் போவார்கள். அவள் மக்காச்சோளத்துக்குள் புகுந்து குறுக்கே ஓடினாள். சோகை இலை முகத்தைக் கிழித்தது.

கரையில் கீழத்தெருவே நின்றது. மினிபஸ்ஸை மறித்துப் போட்டிருந்தார்கள். சோலைராஜ் ஆடு கட்டுகிற கயிற்றால் தூணோடு கட்டுண்டு, உதடு வீங்கி உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே ஜெயகிருஷ்ணன் கையில் கம்போடு நின்றான். கொஞ்சம் தள்ளி, கண்ணபிரானின் தாய் சந்தனமாரி தரையில் உட்கார்ந்து, உடைந்த கல்லின் இரண்டு துண்டையும் மடியில் வைத்துப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இங்கன ஏன் வந்திய? போங்க" என்றான் சோலைராஜ்.

பொன்மணி நேரே சந்தனமாரியிடம் போனாள். "யம்மா" என்றாள். மேலத்தெருவில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இவிய உடைக்கல. நான் உடைச்சேன்."

"கொழுந்தனக் காப்பாத்தப் பொய் சொல்லுதிய" என்று ஜெயகிருஷ்ணன் குறுக்கே வந்தான். "பொம்பளைய அனுப்பி நாடகம் ஆடுதாவளா? போலீசு கோவில்பட்டியிலருந்து வந்துக்கிட்டிருக்கு. அதுக்குள்ள இவன் கைய முறிக்காம விடமாட்டேன்."

"பொய்யில்ல தம்பி. பிடிமண்ணு எடுக்க வந்தேன். எங்க காட்டு வேம்படியில வச்சிருக்கேன். போயிப் பாருங்க, மூணு கல்லு இருக்கும்."

யாரும் நம்பவில்லை. ஒருத்தன் சிரித்தான். அதற்குள் ரோட்டு முனையில் மேலத்தெரு ஆட்கள் திரும்பிவிட்டார்கள். முன்னால் வன்னியபெருமாள். இந்தப் பக்கமும் கம்புகள் உயர்ந்தன. இன்னும் பத்தடி தாண்டினால் யார் சொல்வதையும் யாரும் கேட்கப் போவதில்லை. பொன்மணி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கண்ணபிரான நான் சாமியாக் கும்பிடுதேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "அவரு மண்ண நாந்தான் எடுத்தேன்!"

"ஏட்டி, வாய மூடு!" என்று அலறினான் வன்னியபெருமாள். கூட வந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

ஜெயகிருஷ்ணன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்கிறவளின் புருஷன் இப்படிக் குன்றிப்போக மாட்டான். கம்பைக் கீழே போட்டுவிட்டு, போய்ச் சோலைராஜின் கயிற்றை அவிழ்த்தான்.

"உன் சாமியோடயே இரு. வீட்டுப் படி ஏறிராத" என்றான் வன்னியபெருமாள். அரிவாளை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சோலைராஜ் மட்டும் போகாமல் கையைத் தேய்த்தபடி நின்றான்.

"பிள்ளைய நான் கூட்டிட்டு வாரேன் மதினி" என்றான்.

பொன்மணி சந்தனமாரி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் கிடந்த கல் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிழவி அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னத்த வச்சுக் கும்பிட்ட?"

"பாலும் பழமும் வச்சேன்."

"பாலா?" சந்தனமாரியின் முகம் கோணியது. "பாலு வாடையே அவனுக்கு ஆகாதேட்டி. ஆட்டுக்காரன் வீட்டுல பொறந்துட்டு, பாலக் கண்டா ஓடிப்போவான்."

கல் துண்டுகளை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முட்டியில் கையூன்றி எழுந்தாள்.

"வீட்டுல கருவாட்டுக் குழம்பு இருக்கு, எடுத்துட்டு வாரேன். இங்கனயே இரு, போயிராத. பசியோட இருப்பான்."