ஐஸ்காரர் பாலம்

கடலில் கலக்கும் முன் அந்த ஆற்றின் மேல் மூன்று பாலங்கள். மூன்றிலும் பெரிய மனிதர்களின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களைச் சொல்லி யாரும் பஸ்ஸில் டிக்கெட் கேட்டதில்லை. ரயில் போகிற முதலாவது, துருப்பாலம். முகத்துவாரத்தில் உப்புக்காற்று பட்டுக் கைப்பிடியெல்லாம் வெளுத்துப்போன மூன்றாவது, வெள்ளைப் பாலம். நடுவில் இருப்பது ஐஸ்காரர் பாலம். ஐஸ் கம்பெனி நடத்திய மனிதரைப் பதினோரு வருஷத்துக்கு முன் பட்டப்பகலில் அங்கேதான் வெட்டிச் சாய்த்தார்கள்.

வெட்டியவன், அந்தப் பாலத்தின் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸின் கண்டக்டருக்கு அண்ணன். படகுத்துறையில் ஏதோ வாய்த்தகராறு, அவ்வளவுதான் காரணம்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "ஐஸ்காரர் பாலம் ஒண்ணு" என்ற குரல் கண்டக்டர் காதில் விழும். முகத்தில் எதையும் காட்டாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். கம்பெனியை இப்போது நடத்துகிற ஐஸ்காரரின் மனைவி மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "பாலம்" என்பாள். அதற்குமேல் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விடுதலையான அன்று அண்ணன், தம்பியின் பஸ் எது என்று விசாரித்து அதிலேயே ஏறினான். முன் சீட்டில் ஐஸ்காரரின் மனைவி. அவள் மடியிலிருந்த பையில், ஐஸ் பாளங்களைக் குத்தி இழுக்கிற கொக்கி, பட்டறையில் கூர் தீட்டி வாங்கியது.

"நடுப்பாலம் ஒண்ணு குடுடா," என்றான் அண்ணன் சிரித்துக்கொண்டே.

பக்கத்தில் நின்ற மீன்காரி, "இப்ப யாருங்க நடுப்பாலம்னு சொல்றா? ஐஸ்காரர் பாலம்னு கேளுங்க," என்றாள்.

அண்ணனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "என்ன பாலம்?"

"விடுண்ணே, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"என்னத்தடா விடறது? பதினோரு வருஷம் கம்பி எண்ணினது நான், பேரு அவனுக்கா? கால்ல விழுந்து நாய் மாதிரி கெஞ்சினான்டா அவன். கெஞ்சினான் பாலம்னு வைக்கச் சொல்லு!"

பஸ் அப்போது பாலத்தின் மேல் ஏறியிருந்தது. ஐஸ்காரரின் மனைவி எழுந்து வந்தாள். கொக்கி அண்ணனின் தோளில் முழுசாக இறங்கியது.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். அண்ணன் கொக்கியைப் பிடுங்கக்கூட இல்லை. அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துக் கம்பியில் மோதினான். கண்டக்டர் பின்னாலிருந்து இழுக்க, முழங்கை வந்து அவர் பல்லைப் பெயர்த்தது. இரண்டாவது மோதல். மூன்றாவதில் சத்தமே வேறாக இருந்தது. கண்டக்டர் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த ஜாக்கி லீவரை உருவி, அண்ணனின் வலது கையில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறிவது எல்லோருக்கும் கேட்டது.

"நீயா?" என்றான் அண்ணன். மிச்சமிருந்த கையால் தம்பியின் குரல்வளையைப் பிடித்தான். இருவரும் படியில் உருண்டு ரோட்டில் விழுந்தார்கள். கண்டக்டர் லீவரால் அவன் முழங்காலில் அடித்தார். அவன் அசையாமல் கிடந்த பிறகும் அடித்தார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தபோதுதான் தான் அலறிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

"முதல்ல கை வச்சது யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பயணிகள் கண்டக்டரையே பார்த்தார்கள். "எங்கண்ணன்தான் சார். அந்தம்மா முடியைப் பிடிச்சு இழுத்தாரு. அப்புறம்தான் அவங்க கொக்கியை எடுத்தாங்க."

"ஆமா சார், நானும் பார்த்தேன்," என்றாள் மீன்காரி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் கண்டக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு கிடந்த அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவளுக்காகப் பொய் சொன்னியாமே. நானும் ஒரு பொய் சொன்னேன்டா. அவன் கெஞ்சவே இல்ல. கடைசி வரைக்கும் நிமிர்ந்துதான் நின்னான். அதான் எனக்கு வெறி ஏறிச்சு."

கண்டக்டர் எழுந்து நேராகப் பெண்கள் வார்டுக்கு நடந்தார். ஐஸ்காரரின் மனைவிக்குத் தலையில் பதினாலு தையல். ஒரு காது போய்விட்டது. கேட்கிற காதுப் பக்கமாகக் குனிந்து, ஐஸ்காரர் கெஞ்சவே இல்லை என்பதைச் சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.