கடிகாரத்துக்கு அடியில்

எங்கள் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். தூணே இல்லாத கூரை, அதனால் எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஆட்டம் மறைக்காது. பேய்மழை பெய்தாலும் புல்லுக்கு அடியில் இருக்கிற மணலும் குழாய்களும் அரை மணி நேரத்தில் தண்ணீரை இழுத்துவிடும். ஆட்டக்காரர்களின் அறையில் ஒரு ஐஸ் தொட்டி உண்டு. பெரிய பெரிய சூரர்களெல்லாம் அதில் கழுத்துவரை உட்கார்ந்து பல்லைக் கடித்திருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்வதுதான் என் வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் எனக்கு நாக்கு கசக்கும். ஆட்டம் முடிந்தால் இருபதே நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் வெளியேறிவிடும், அப்படிக் கட்டியிருக்கிறார்கள். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். என் மகள் தொலைந்தது அந்த இருபது நிமிடத்தில்தான்.

அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயது. எனக்குக் கூட்டம் என்றால் ஆகாது, கிரிக்கெட் அதைவிட ஆகாது. அவளுடைய அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். லிஃப்ட் மெக்கானிக், பாதி ரிப்பேரில் நின்று ஸ்கோர் கேட்கிற ஆள். இறுதிப் போட்டிக்கு மஞ்சள் சட்டை போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழையும்போது வடக்கு வாசலில் நிறுத்தி, வெளிச்சுவரில் இருக்கிற பழைய பெரிய கடிகாரத்தைக் காட்டியிருக்கிறார்.

"கை விட்டுப்போச்சுன்னா அழக்கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. வெளிய வந்து கடிகாரத்துக்கு அடியில நில்லு. அப்பா வந்துடுவேன்."

"நீ தொலைஞ்சு போயிட்டா?" என்று கேட்டாளாம்.

"நானும் அங்கேயேதான் நிப்பேன். நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

அவர்கள் இருக்கை தெற்குப் பக்கம். ஆட்டம் முடிந்ததும் பின்னாலிருந்து தள்ளிய தள்ளில் கை விட்டுப்போனது. இவர் கூட்டத்தை எதிர்த்து முண்டியடித்து வடக்கு வாசலுக்கு ஓடிப்போய்க் கடிகாரத்தடியில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நகர்ந்தால் அந்த நேரம் பார்த்து அவள் வந்து, அப்பாவைக் காணோமென்று போய்விடுவாள் என்ற பயம். அவள் வரவில்லை.

போலீசுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தகவல். ஐஸ் விற்கிற ஒருவர், மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை கடிகாரத்துக்கு அடியில் ரொம்ப நேரம் தனியாக நின்றதைப் பார்த்தாராம். இவர் கொதித்துப் போனார். "நான் நகரவே இல்லையே, அவன் எவளைப் பார்த்தான்? சுத்தப் பொய்." மறுபடி விசாரிக்கலாமென்றால் ஐஸ்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எந்த ஆட்டம் நடந்தாலும் இவர் ஸ்டேடியத்துக்கு வெளியேதான். வேலைக்கு மட்டம் போட்டுப் போட்டு வேலையே போனது. வேறு வழியில்லாமல் நான் வேலை தேடினேன். எந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகாதோ, அங்கேயே கிடைத்தது.

சேர்ந்த முதல் நாள், ஸ்டேடியத்தின் வரலாற்றைப் படித்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். பணியாளர்கள் சாப்பிடும் அறையில் உட்கார்ந்து படித்தேன். தெற்கு வாசலின் வெளிச்சுவரில் இன்னொரு கடிகாரம் வைத்திருக்கிறார்களாம், வடக்கில் இருப்பதைப் போலவே, அதே அளவில். அந்த இறுதிப் போட்டியன்றுதான், மதிய இடைவேளையில், மூடியிருந்த துணியை விலக்கித் திறந்து வைத்தார்களாம்.

ஐஸ்காரர் பொய் சொல்லவில்லை. கூட்டம் பிள்ளையைத் தெற்கு வாசல் வழியாகத் தள்ளியிருக்கிறது. நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், கடிகாரம். அப்பா சொன்னபடி அழாமல் நின்றிருக்கிறாள்.

இதை இவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே உயிரை விட்டிருப்பார். சுற்றிக் காட்டும்போதும் தெற்கு வாசல் வரை யாரையும் கூட்டிப் போகமாட்டேன். கோப்பைகள் இருக்கும் அறையைக் காட்டிவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். ஆட்ட நாட்களில் மேல்மாடியில் பெரிய மனிதர்களைச் சிரித்து உட்காரவைக்கிற வேலை. இத்தனை வருடத்தில் அந்தத் தெற்கு வாசல் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

இவர் மட்டும் வடக்கு வாசலைவிட்டு அசையமாட்டார். காவலாளிகள் கடிகாரக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் போட்டிருந்தது நீலச் சட்டை என்பதால், அது கிழிந்தபிறகும் அதே நீலத்தில் துணி எடுத்துத் தைத்துக்கொண்டார். வாண்டு இருந்தால் இப்போது என் தோளுக்குமேல் வளர்ந்திருப்பாள். இவர் ஏழு வயதுப் பிள்ளையைத் தேடுகிறாரா, வளர்ந்த பெண்ணைத் தேடுகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

இப்போது வடக்குப் பக்கத்தை இடித்துவிட்டு இன்னும் பெரிதாகக் கட்டப்போகிறார்கள். ஒரு லட்சம் போதவில்லையாம். கடிகாரமும் போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைசி ஆட்டம். கூட்டம் கலைந்ததும் நானே இவரைக் கூட்டிவரப் போனேன்.

"ஏங்க, போதும். இந்த வாரமே இடிக்கப் போறாங்க. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இடிக்கட்டும். அந்தக் கடிகாரம் இருக்குல்ல."

"எந்தக் கடிகாரம்?"

"உனக்குத் தெரியாததா? தெற்கு வாசல்ல இருக்கிறது." என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அடுத்த மேட்சுக்கு வந்தப்பவே பார்த்துட்டேன். ஐஸ்காரரைப் போய்ப் பொய்யன்னு சொன்னேனே. உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டேன்னு விட்டுட்டேன்."

நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல அந்தப் பக்கம்தான் நின்னேன். நடுவுல நடுவுல இங்க ஓடிவந்து பார்ப்பேன். நான் காட்டினது இதைத்தானே, இங்க வந்துட்டா? ஒருத்தன் ரெண்டு எடத்துல எப்படி நிக்கிறது? பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடிட்டிருந்தேன். அப்புறம் நீ இங்க வேலைக்குச் சேர்ந்த. அப்பத்தான் புரிஞ்சுது, இவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, வாயைத் திறக்காம அந்தப் பக்கத்தைப் பார்த்துக்க வந்திருக்கான்னு. அன்னைக்கு அங்கருந்து வந்தவன்தான். அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. நீ இருக்கியேன்னு ஒரு தைரியம்."

நான் சம்பளத்துக்காகச் சேர்ந்தவள்.

"கேக்கப் பயமா இருந்துச்சு, அதான் இத்தனை நாள் கேக்கலை," என்றார். "ஒரு நாளாவது அங்க யாராவது வந்து நின்னாங்களா? நம்ம வாண்டு மாதிரி?"

வந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"யாரும் வரலைங்க," என்றேன்.

மெதுவாகத் தலையாட்டினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ பார்த்திருந்தா சரியாத்தான் பார்த்திருப்ப," என்றார்.