பன்னிரண்டாவது மனு

கூட்டம் தையற்காரர் கடையில். வெட்டு மேசைக்குப் பின்னால் தையற்காரர். மெஷின் ஸ்டூலில் பஸ் ஓட்டுநர். துணிக்கட்டின் மேல் ஓய்வுபெற்ற நர்ஸ். வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே, என் அண்ணி. மாநகராட்சியில் தபால் பிரிவு அவருக்கு. எழுதுகிறவன் என்பதால் எனக்கு மட்டும் நாற்காலி.

ஆறு வருடமாக எங்கள் மாநகராட்சிக்குத் தேர்தல் இல்லை. மேலிடம் நியமித்த தனி அதிகாரி வைத்ததே சட்டம். எல்லா நகரங்களுக்கும் இதையே நிரந்தரமாக்க இப்போது ஒரு மசோதா. அதுபற்றி நாடாளுமன்றக் குழு மனுக்கள் கேட்டிருந்தது. அன்றைய ஐந்து மணித் தபாலே கடைசி.

"பதினோரு மனு போட்டாச்சு. கிணத்துல போட்ட கல்லு," என்றார் ஓட்டுநர்.

"கையெழுத்து அழகா இருக்குன்னு ஃபிரேம் போட்டு மாட்டிட்டாங்களோ என்னவோ," என்றார் நர்ஸ். பிறகு என்னிடம், "இதையும் எழுதுங்க. நாட்டுல பாதி ஜனம் நகரத்துல இருக்கு. பாதி நாட்டோட வாயைக் கட்டிட்டு மிச்சத்துக்கு ஓட்டுப்பெட்டி வெச்சா அது தேர்தலா?"

எழுதி, முதலிலிருந்து வாசித்தேன். "பெறுநர்: நாடாளுமன்றக் குழுத் தலைவர். உரிய வழியாக: மாநகராட்சித் தனி அதிகாரி..."

"தம்பி, பதினொண்ணுலயும் இந்த வரி இருந்துச்சா?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி. மனுன்னா படிப்படியாத்தான் மேல போகணும். பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"நல்ல படிப்பு! அதிகாரி வேண்டாம்னு எழுதி அதிகாரிகிட்டயே குடுத்திருக்கீங்க. நாந்தான் முத்திரை குத்தி உள்ள அனுப்பினேன். மேல போயிருக்கும்னு நெனச்சேன். நேத்து அவர் பீரோவை ஒழுங்கு பண்ணறப்ப பாத்தா, பதினொண்ணும் அங்கேயே தூங்குது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பாலைப் பூனைகிட்ட குடுத்து அனுப்பிருக்கோம்," என்றார் தையற்காரர்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடித்தல் திருத்தலோடு அனுப்ப மனம் வராமல் புதுத் தாள் எடுத்தேன். ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார்: "மணி நாலு சாமி!"

இம்முறை நேராகக் குழுவுக்கே. பதினோரு மனுக்கள் முடக்கப்பட்டதையும் சேர்த்தேன். நால்வரும் கையெழுத்திட்டோம். அண்ணி பேனாவுக்குக் கை நீட்டினார்.

"வேண்டாம் அண்ணி. வேலை போயிடும்."

"போகலாம். ஆனா பாத்தவ நான் ஒருத்திதானே? பேரில்லாத மனுவை நான் எந்தக் கூடையில போடுவேன்னு தெரியுமா தம்பி?"

பெயர், பதவி, பிரிவு மூன்றையும் எழுதினார். உறைக்கு அவரே பசை தடவினார். தையற்காரர் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். நாலு ஐம்பதுக்குப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.