துணைக்கு வருகிறீர்களா?

இருபத்திரண்டு பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போவதைவிட, அவர்களைப் பெற்றவர்களை ஒரு படிவம் நிரப்ப வைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் இளைஞர் குழுவின் பயணத்துக்கு நான்தான் பொறுப்பு. போன வருடம் யாரையும் கேட்காமல் திட்டம் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெற்றவர்களே கைப்பட எழுத வேண்டும்.

கடைசிக் கேள்வி, 'துணைக்கு வருகிறீர்களா?' கூட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னவர்கள், தாளில் ஒருவர் விடாமல் 'இயலாது' என்று டிக் அடித்திருந்தார்கள். பேருந்தில் ஒரு இருக்கை மீந்தது.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் படிவங்களை எண்ணினேன். இருபத்திரண்டு. என் மகளுக்கு நான் எழுதவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இருபத்தொன்றுதானே இருக்க வேண்டும்?

அடியிலிருந்த தாளை உருவினேன். நிமிர்ந்த சின்ன எழுத்து, ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. கட்டட வரைபடம் போட்டுப் பழகிய கை. என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

'புது இடத்தில் தூக்கத்தில் நடப்பாள். 7ஆம் அறை வேண்டாம். பால்கனிக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.'

மலை விடுதியின் அறைகளை அன்று மத்தியானம்தான் ஒதுக்கினேன். பட்டியல் என் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. மிஞ்சிய ஏழாம் அறையை, நம் பிள்ளைதானே என்று, மகளுக்குப் போட்டிருந்தேன்.

"இத யாருடி எழுதினது?"

"அப்பா." பாடப் புத்தகத்திலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை. "பக்கத்துல உட்காந்து எழுதணும்னு நீதானம்மா சொன்ன. உனக்கு எங்க நேரம்?"

"எங்க உட்காந்தாரு?"

"உன் நாற்காலியிலதான்."

நான் சட்டென்று எழுந்துவிட்டேன்.

"நீ தூக்கத்துல நடப்பியா?"

"அத்தை வீட்டுக்குப் போனா நடப்பேன். அப்பா கதவுக்குக் குறுக்க படுத்துப்பாரு. நீ ஆஸ்பத்திரியில நைட் டியூட்டில இருப்ப, உனக்கு எப்படித் தெரியும்?"

பெற்றவள் நான். எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, பயத்தைவிட அதிகமாக.

விடுதிக்குப் போன் போட்டேன். மேனேஜர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆமா மேடம், தாழ்ப்பாள் கழண்டு கீழ கெடக்கு. எங்களுக்கே இப்பத்தான் தெரியுது. உங்களுக்கு யார் சொன்னா?"

போனை வைத்துவிட்டு, மகளை என் அறைக்கு மாற்றி எழுதினேன். தாளின் கடைசி வரியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். இருபத்திரண்டு தாள்களில் அந்த ஒன்றில் மட்டும் 'வருகிறேன்' என்று டிக் இருந்தது.

மறுநாள் காலை, மீந்த இருக்கையை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.